மல்லி எந்த மல்லி, விரியன் எந்த விரியன்?

பூக்கடையில் போய் "கால் கிலோ மல்லி கொடுங்க" என்றால் பூவை நிறுத்துத் தருவார்கள். மளிகைக் கடையில் அதே வார்த்தைகளைச் சொன்னால் வருவது விதை. முன்னது 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் சாதி. பின்னது ரசத்துக்கும் சாம்பாருக்கும் வறுத்து அரைக்கிற கொத்தமல்லி. ஒன்று ஆண்டுக்கணக்கில் நின்று பூக்கும் புதர். மற்றது ஒரு பருவத்தில் பூத்துக் காய்த்து முடிந்துவிடும் செடி. தாவரவியல் கணக்கில் இரண்டும் வேறு வேறு குடும்பம். இருந்தும் இந்தப் பெயர்க் குழப்பத்தால் எந்த வீட்டிலும் குழம்பு கெட்டதாகத் தெரியவில்லை.

கடை மாறினால் பொருள் மாறும் என்பதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் தொல்காப்பியர் அதற்கும் விதி எழுதி வைத்திருக்கிறார். சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தில், ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருந்தால் கேட்பவருக்குச் சரியான பொருள் எப்படி விளங்குகிறது என்று சொல்கிறார்: "வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்". உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்கொண்ட சொல் 'மா'. அது மாமரத்துக்கும் பெயர், குதிரைக்கும் பெயர், பொதுவாக விலங்குக்கும் பெயர். 'மா பூத்தது' என்றால் மரம், 'மா ஓடிற்று' என்றால் விலங்கு. இது வினையால் தெரிவது. 'மாவும் மருதும் ஓங்கின' என்றால், கூட நிற்கிற மருது இதுவும் மரம்தான் என்று காட்டிக்கொடுத்துவிடும். இது இனம். கவசம் மாட்டிக்கொண்டு நிற்பவன் 'மா கொண்டுவா' என்றால் அவனுக்கு வேண்டியது குதிரை, மாம்பழம் அல்ல. இது சார்பு. மூன்றும் கைகொடுக்காத இடமும் உண்டு. 'மா வீழ்ந்தது.' மரமும் விழும், விலங்கும் விழும். அங்கே 'மாமரம் வீழ்ந்தது' என்று உடைத்துச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

செடிகளும் விலங்குகளும் ஒரே பெயரில் உலவும் விவகாரத்தை விளங்கிக்கொள்ள எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல கருவி இல்லை. பெயரைப் பகிர்வதில் குற்றமே கிடையாது. அந்தந்த ஊரில், அந்தந்தக் கடையில், அந்தந்தப் பேச்சில் அது ஒரே பொருளைத்தான் குறித்தது. வினையும் இனமும் சார்பும் கழன்றுபோய், பெயர் மட்டும் தனியாக வெளியூர் போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இதற்குப் பழைய சாட்சி வேங்கை. வேங்கை புலிக்கும் பெயர், மஞ்சள் பூப் பூக்கும் மலைமரத்துக்கும் பெயர். கருத்த பாறையில் வேங்கைப்பூ உதிர்ந்து கிடந்தால் புலிக்குட்டி படுத்திருப்பதுபோல் தெரியும் என்று குறுந்தொகையில் ஒரு பாட்டு சொல்கிறது. அகநானூற்றில் இன்னும் வேடிக்கை. வேங்கைப்பூப் பறிக்கப் போன பெண்கள் நடுவே 'புலி புலி' என்று ஒரே கூச்சல். சத்தம் கேட்டு வில்லும் கையுமாக ஒரு இளைஞன் வந்து நின்று, அந்த 'மா' எந்தப் பக்கம் போயிற்று என்று கேட்கிறான். வேங்கைப்பூ பறிக்கும்போது புலி என்று கூவுவது அன்றைய வழக்கம். அந்தக் குழப்பத்தை வைத்துக் காதல் கதையையே தொடங்கிவிட்டார் புலவர். அங்கே பெயர் இரட்டையாக இருந்ததால் யாருக்கும் நட்டமில்லை. நிகண்டுகளும் இதைக் குறையாகப் பார்க்கவில்லை. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களை அடுக்குவதற்கென்றே தனித் தொகுதி ஒதுக்கின.

வேங்கையைப் போலவே செண்பகம் மரமும் ஆகும், பறவையும் ஆகும். செம்போத்து என்று தமிழ்நாட்டில் பலர் சொல்கிற, செந்நிறச் சிறகும் கறுத்த உடலும் கொண்ட பறவைதான் ஈழத்தில் செண்பகம். கன்று என்றால் பசுவின் கன்றும் உண்டு, வாழைக்கன்றும் உண்டு. மரமும் உயிரும் பெயரைப் பகிரும் இவ்வகையில் ஆபத்து அநேகமாக இல்லை. பறக்கிறதா, பூக்கிறதா என்று வினை உடனே பிரித்துவிடும். கிட்டத்தட்ட ஒரே வேலையைச் செய்கிற இரண்டு பொருள்கள், அதாவது இரண்டும் உண்ணப்படுபவை, இரண்டும் கடிப்பவை, இரண்டும் மருந்தாகிறவை, ஒரே பெயரில் வந்தால்தான் 'மா வீழ்ந்தது' நிலை.

பெயர் ஏன் பகிரப்படுகிறது? முதல் காரணம், ஊருக்குள் புதிதாக வந்து இறங்கியவை. மக்கள் புதிய சொல்லை உருவாக்குவதைவிட, இருக்கும் பெயருக்கு ஓர் ஒட்டுப் போட்டு ஏற்றுக்கொள்வதையே விரும்புவார்கள். மிளகின் காரத்தை நினைவூட்டிய காய் மிளகாய் ஆனது. கடல் கடந்து வந்தது சீமை, பரங்கி. நிலத்தோடு படர்வது நிலம். கைப்பும் நச்சும் உள்ளது பேய். காட்டில் தானாக முளைப்பது காட்டு. சீமைக் கருவேலம் கருவேலத்தின் சாயலில் வந்த வெளிநாட்டு மரம். பேய்ப்புடல் புடலையின் கசக்கும் உறவு. ஒட்டு இருக்கும்வரை பிரச்சினை இல்லை. நாளாக ஆக ஒட்டு தேய்ந்து உதிரும். உதிரும்போது ஊருக்கு ஊர் வேறு பக்கம் உதிரும். அங்கேதான் கதை.

முந்திரியைப் பாருங்கள். முந்திரிகை என்பது பழைய தமிழில் திராட்சை; கொடிமுந்திரி என்றும் சொல்வார்கள். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து ஒரு மரத்தைக் கொண்டுவந்தார்கள். அது மரத்தில் காய்த்ததால் மரமுந்திரிகை. யாழ்ப்பாணத்தில் இன்றும் முந்திரிகை என்றால் திராட்சைதான், மரமுந்திரிகை என்றால்தான் பாயசத்தில் போடுவது. மலையாளத்திலும் முந்திரி திராட்சையே. மற்றதைக் கசுமாவு, பறங்கிமாவு என்கிறார்கள். தமிழ்நாட்டில் மட்டும் வந்தேறி மரம் பெயரை முழுக்க எடுத்துக்கொண்டது, 'மரம்' என்ற ஒட்டும் போயிற்று, உரிமைக்காரக் கொடி வடமொழிப் பெயரோடு திராட்சையாக நிற்கிறது. பண்ருட்டிக்காரரும் பருத்தித்துறைக்காரரும் ஒரே சமையல் குறிப்பைப் படித்தால் ஒருவர் பொங்கலில் திராட்சை விழும்.

பூசணியும் அப்படியே. அமெரிக்காவிலிருந்து மஞ்சள் சதையுள்ள காய் வருவதற்கு முன் பூசணி என்றால் சாம்பல் பூத்த வெள்ளைப் பூசணிதான். வந்ததற்குப் பரங்கி என்று பெயர் வைத்தது நியாயம். கொங்கு நாட்டில் அதுவே அரசாணி. ஈழத்திலோ பூசணி என்றாலே மஞ்சள் காய். வெள்ளைக்குத்தான் நீற்றுப்பூசணி என்று ஒட்டுப் போட வேண்டியிருக்கிறது. சோளமும் இதே பாதை. தமிழ்நாட்டின் புன்செய்க் காட்டுச் சோளம் வேறு, மக்காச்சோளம் வேறு. இலங்கையில் சோளம் என்றால் மக்காச்சோளம், நம் சோளத்துக்கு அங்கே இறுங்கு. யார் சரி என்று கேட்பதில் அர்த்தமில்லை. இரண்டு பேரும் அவரவர் சந்தையில் ஏமாறாமல்தான் வாங்குகிறார்கள்.

கீரையில் சற்றுக் கலவரம் அதிகம். பசலை என்பது நம் வேலியில் ஏறும் கொழுகொழுத்த கொடி. அதன் விஞ்ஞானப் பெயரான 'பசெல்லா'வே மலபார்க் கரைப் பெயரிலிருந்து எடுத்ததுதான். ஆனால் நகரத்துக் கடையில் பசலைக்கீரை என்று கட்டுக்கட்டாக விற்பது வடக்கத்திப் பாலக். பாலக் என்று இந்தியாவில் பெருமளவில் பயிராவது பீட்ரூட்டின் நெருங்கிய சொந்தம் என்று தோட்டக்கலைப் புத்தகங்கள் சொல்கின்றன. மேல்நாட்டுச் சமையல் குறிப்புகளில் வருகிற ஸ்பினாச் இன்னொரு செடி. ஆக ஒரு பசலைக்குள் மூன்று கீரைகள். மூன்றும் உண்ணத்தக்கவை என்பதால் கூட்டு கூட்டாகவே இருக்கும். ஆனால் பசலையில் இரும்புச்சத்து இத்தனை மில்லிகிராம் என்று போடும் பத்திரிகைத் துணுக்குகளை நான் நம்புவதை எப்போதோ விட்டுவிட்டேன். எந்தப் பசலை என்று ஒருவரும் சொல்வதில்லை.

இரண்டாவது காரணம், பெயர் பிறந்த அளவுகோல். விஞ்ஞானி பூவின் அமைப்பைப் பார்த்துச் சொந்தம் சொல்கிறார். மக்கள் நாக்கை வைத்தும், கையை வைத்தும், பயனை வைத்தும் சொன்னார்கள். வேம்பு என்பது ஒரு மரத்தின் பெயர் என்பதைவிட ஒரு தன்மையின் பெயர் என்பது பொருந்தும். மலைவேம்பு உண்மையிலேயே வேம்பின் குடும்பம். கறிவேப்பிலை இலை வேம்பிலையைப் போலிருப்பதால் கருவேம்பு. ஆனால் அது எலுமிச்சையின் சொந்தம். நிலவேம்பு முழங்காலுக்குச் சற்று மேல் நிற்கும் சிறுசெடி, ஆடாதோடையின் குடும்பம், கசப்பால் மட்டுமே வேம்பு. சில சமயம் மக்களின் கணக்கு விஞ்ஞானத்தோடு அச்சாகப் பொருந்தியும் விடுகிறது. பெருநெல்லி மரம், அரிநெல்லி சிறுமரம், கீழாநெல்லி வரப்போரத்துக் களை. மூன்றையும் நெல்லி என்று சேர்த்தவர்களைத் தாவரவியலாளர்கள் மறுக்கவில்லை; மூன்றையும் நெடுங்காலமாகப் பைலாந்தஸ் என்ற ஒரே பேரினத்தில்தான் வைத்திருக்கிறார்கள். இலைக்காம்பின் கீழே வரிசையாகத் தொங்கும் குட்டிக் காய்களைப் பார்த்தே நம் ஆட்கள் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

மீன் சந்தை தனி உலகம். கெளுத்தி என்றால் செதிலில்லாத, மீசை வைத்த மீன். கானாங்கெளுத்திக்கு மீசையும் இல்லை, கெளுத்தியோடு உறவும் இல்லை. தெற்கே அயிலை என்று சொல்வார்களே, அதுதான். 1803இல் பேட்ரிக் ரஸ்ஸல் விசாகப்பட்டினத்து மீன்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் இந்த மீனுக்கு அவர் குறித்துவைத்த ஊர்ப்பெயர் கனகுர்த்தா. அதுவே பின்னர் விஞ்ஞானப் பெயருக்குள்ளும் ஏறிக்கொண்டது. கனகுர்த்தா, கானாங்கெளுத்தி என்று அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். காதுக்கு இரண்டும் பங்காளிகள். கடல் விரால் என்று மண்டபத்தில் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் கோபியா மீனுக்கும் குளத்து விராலுக்கும் சம்பந்தம் கிடையாது. நீண்ட உருளையான உடல்வாகு ஒன்றுதான் பொது.

உண்மையில் பணம் கைமாறும் குழப்பம் சீலா. சென்னைப் பக்கத்தில் சீலா என்பது ஊசிப்பல் நீட்டிய, ஒல்லியான மீன். தூத்துக்குடிப் பக்கம் போனால் சீலா என்பது வஞ்சிரம். அங்கே ஒல்லி மீனுக்கு ஊளி என்று வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். வஞ்சிரத்துக்கும் ஊளிக்கும் விலை வித்தியாசம் எவ்வளவு என்பது மீன் வாங்குகிறவர்களுக்குத் தெரியும். ஏலக்கூடத்தில் நிற்பவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல, மீன் கண்ணெதிரே கிடக்கிறது. தொலைபேசிச் செயலியில் 'சீலா, ஒரு கிலோ, துண்டு போட்டது' என்று படமில்லாமல் வரும்போதுதான் தொல்காப்பியரின் மூன்றாவது வழியும் அடைபடுகிறது. மீனைத் துண்டு போட்டபின் இனம் கேட்டால் அது என்ன பதில் சொல்லும்?

பத்திரிகைகள் படுகிற பாடு இன்னொரு மாதிரி. 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து எட்டு சீட்டாக்கள் மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்கு வந்து இறங்கின. 1952இல் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட இனம். இதைத் தமிழில் எப்படி எழுதுவது? பல இடங்களில் 'சிறுத்தைகள் வந்தன' என்றே வந்தது. வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் ஒவ்வோர் ஆண்டும் அச்சத்தோடு பேசப்படுகிற சிறுத்தை இந்த நாட்டை விட்டு எப்போது போயிற்று, எட்டை விமானத்தில் கொண்டுவர? சீட்டாவுக்குத் தமிழில் சிவிங்கி என்று சொல் இருக்கிறது. ஆனால் வாசகருக்குச் சிவிங்கி என்றதும் நினைவுக்கு வருவது நீண்ட கழுத்துதான். ஒட்டகத்தின் உருவமும் சிவிங்கியின் புள்ளியும் சேர்ந்தது என்பதால் ஒட்டகச்சிவிங்கி. பின்பாதியின் பொருள் மறந்து, சொல் முழுவதுமே கழுத்துக்குப் போய்விட்டது. சிவிங்கிப்புலி என்று எழுதிச் சிலர் தப்பித்தார்கள். என்னைக் கேட்டால் அதுதான் நல்ல வழி, புலி அல்ல என்று இலக்கணம் பார்ப்பவர்கள் கோபித்தாலும். கழுதைப்புலி கழுதையும் அல்ல, புலியும் அல்ல. அதை வைத்துக்கொண்டு இத்தனை காலம் ஓட்டவில்லையா?

இலங்கையில் புலியே கிடையாது, ஆனால் புலி என்ற பேச்சு உண்டு. அங்கே காட்டில் இருக்கும் சிறுத்தையைத்தான் மக்கள் புலி என்று சொல்லிவந்தார்கள். சிங்களத்திலும் கொட்டியா என்ற ஒரே சொல் இரண்டுக்கும் நிற்கும். இலங்கைச் சிறுத்தையின் விஞ்ஞானப் பெயரின் கடைசிப் பகுதியும் கொட்டியாதான். புலி இல்லாத தீவில் புலி என்ற பெயர் யாரைக் குழப்பும்? ஒருவரையும் குழப்பாது.

இதுவரை சொன்னவற்றில் அதிகபட்ச நட்டம் பணம், அல்லது கொஞ்சம் மானம். விரியன் அப்படியல்ல.

தமிழ்நாட்டில் விரியன் என்ற பெயரில் முக்கியமாக மூன்று நச்சுப் பாம்புகள் உண்டு: கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன். முதல் இரண்டும் உண்மையான விரியன் குடும்பம். மூன்றாவது நல்ல பாம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. பெயர் ஒன்று, நஞ்சு வேறு. கண்ணாடி விரியன் கடித்தால் கடிவாயில் கடும் வலி, வீக்கம். ரத்தம் உறையும் தன்மையை இழக்கும், ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் வரலாம், சிறுநீரகம் பழுதாகலாம். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்துத் தூங்குபவரைக் கடிக்கும். பல் சிறியது, வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல சமயம் தடம்கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்திருப்பார். பிறகு இமை தானாகத் தொங்கும், பேச்சு குழறும், மூச்சுத் தசைகள் ஓய்ந்துபோகும். ஒன்றுக்கு டயாலிசிஸ் தேவைப்படலாம், மற்றதற்குச் செயற்கை சுவாசக் கருவி. கண்ணாடி விரியன் கடியைப் பார்த்துப் பழகியவர்கள் 'விரியன் கடித்தால் கால் வீங்கும், வீங்கவில்லை என்றால் பயமில்லை' என்று சொல்லும்போது அந்தச் சொல் கட்டுவிரியனுக்குப் பொருந்தாது. அந்தப் பொருத்தமின்மைக்குள் ஓர் உயிர் போய்விடும். கட்டுவிரியனுக்கு எட்டடி விரியன் என்றும் பெயர் உண்டு. கடிபட்டவர் எட்டு அடி வைப்பதற்குள் விழுவார் என்று அதற்குச் சொல்லப்படும் விளக்கம் இன்னும் தவறான எதிர்பார்ப்பைத் தருகிறது. கட்டுவிரியன் நஞ்சு மணிக்கணக்கில் நிதானமாக வேலை செய்யக்கூடியது.

இன்னொரு பக்கத்துக் குழப்பமும் உண்டு. வீட்டுச் சுவரில் ஏறிப் பல்லி பிடிக்கும், நஞ்சில்லாத வெள்ளிக்கோல் வரையன் உடம்பிலும் வெள்ளைக் கட்டுகள் உண்டு. அதைக் கட்டுவிரியன் என்று அடித்துக் கொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கட்டுவிரியனை வரையன் என்று நினைத்து அலட்சியமாக இருப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது தவறுக்குத்தான் விலை அதிகம். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மூக்கு தூக்கிய குழிவிரியன் என்று இன்னொன்று இருக்கிறது. இந்தியாவில் தயாராகும் பாம்பு நஞ்சு முறிமருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை வைத்துச் செய்யப்படுவது. இந்தக் குழிவிரியனுக்கு அது பயன்படாது. அந்த மருந்துக்கு நஞ்சு எடுத்துத் தருவதில் முக்கியமான இடம் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். அங்கே பாம்பு கையில் இருக்கும், பெயர் பிறகு வரும். அதனால் குழப்பம் இல்லை.

மருத்துவமனையில் நிலைமை தலைகீழ். பாம்பு வராது, பெயர் மட்டும் வரும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் ஆண்டுக்குச் சராசரி 58,000 என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இத்தனை பேரில் பாம்பை நின்று நிதானித்துப் பார்த்தவர் எத்தனை பேர் இருப்பார்? அதனால்தான் மருத்துவர்கள் பெயரைக் கேட்டுக்கொண்டாலும் அதை நம்பிச் செயல்படுவதில்லை. கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைக்கிறார்கள். உறையவில்லை என்றால் விரியன் குடும்பத்து நஞ்சு என்று சந்தேகம். இமை தொங்குகிறதா, எண்களைச் சேர்த்து எண்ண மூச்சு போதுகிறதா என்று பார்க்கிறார்கள். நஞ்சு என்ன செய்கிறது என்பதை வைத்து எந்த நஞ்சு என்று முடிவு செய்கிற முறை இது. கடித்த பாம்பைத் தேடி அடித்து எடுத்துவரப் போய் நேரத்தையும் இன்னோர் ஆளையும் இழக்க வேண்டாம் என்று அவர்கள் சொல்வதற்கும் இதுதான் காரணம்.

மூலிகைக்கு அப்படி ஒரு 20 நிமிடச் சோதனை கிடையாது. நாட்டு மருந்துக் கடையில் காய்ந்து, நொறுங்கி, காகிதத்தில் மடித்து வருகிற பொருளில் பூவும் இல்லை, இலையின் வடிவும் இல்லை. பெயர் ஒன்றே அடையாளம். நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்குகள் சேரும். அவற்றில் ஒன்று பற்படாகம். தமிழ்நாட்டுச் சித்த மருத்துவத்தில் பற்படாகம் என்பது மணற்பாங்கான இடத்தில் நூல்போன்ற தண்டோடு வளரும் ஒரு சிறுசெடி. கேரளத்தில் பர்ப்படகம் என்று எடுப்பது முற்றிலும் வேறு குடும்பத்துச் செடி. வட இந்தியாவில் பர்ப்பட என்றால் மூன்றாவதாக ஒன்று. மூன்றுமே காய்ச்சலுக்குத்தான் கொடுக்கப்படுகின்றன, ஒவ்வொரு மரபும் தன் செடியைப் பார்த்துப் பழகித்தான் கொடுக்கிறது. பழக்கமும் பார்வையும் இருக்கிற வைத்தியர் கையில் மூன்றும் மூன்று மருந்து. மொத்த வியாபாரியின் மூட்டையில் மூன்றும் ஒரே சீட்டு.

சங்கபுஷ்பியும் இதே கதை. ஞாபகசக்திக்கு என்று விற்கிற பொடியில் வடக்கே ஒரு தரைக்கொடி, சிலர் கையில் நம் விஷ்ணுகிராந்தி, கேரளத்தில் வேலியோரத்து நீலச் சங்குப்பூ. ஆகாயத்தாமரை இன்னும் விசித்திரம். சித்த நூல்களில் அது குளத்தில் மெத்தென்ற இலைகளை ரோஜாபோல் விரித்து மிதக்கும் சிறுசெடி. இன்றைய செய்திகளில் 'ஏரியை மூடிய ஆகாயத்தாமரை' என்று வருவது பெரும்பாலும் தென்னமெரிக்காவிலிருந்து வந்த, ஊதாப்பூப் பூக்கும், காம்பு வெங்காயம்போல் ஊதிய வெங்காயத்தாமரை. செய்தி படித்துவிட்டு ஏரிக்கரைக்குப் பையோடு போகிறவருக்கு வினையும் உதவாது, இனமும் உதவாது. இரண்டுமே மிதக்கும், இரண்டுமே குளத்தில்தான்.

இதற்கெல்லாம் விஞ்ஞானப் பெயர் தீர்வு என்று சொல்வது வழக்கம். பெருமளவு உண்மையும்கூட. உரிமம் பெற்றுத் தயாரிக்கும் சித்த, ஆயுர்வேத மருந்துகளின் மேலுறையில் சரக்குகளின் தாவரவியல் பெயரைப் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. பொட்டலத்துக்கு அது கிடையாது. ஆனால் விஞ்ஞானப் பெயரும் தடுக்கி விழுந்த கதை ஒன்று நம் வரப்பிலேயே நடந்தது.

கீழாநெல்லிக்குப் பைலாந்தஸ் நிரூரி என்ற பெயரைத்தான் இந்திய நூல்கள் தலைமுறைக் கணக்கில் எழுதிவந்தன. மஞ்சள் காமாலைக்கு நம் ஊரில் அரைத்துக் கொடுக்கும் அதே செடியை, ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க் குழுவினர் ஆராய்ந்தபோது 1987இல் வெளியான கட்டுரையிலும் நிரூரி என்றே குறிப்பிட்டார்கள். நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி, இந்தியாவில் அந்தப் பெயரில் வழங்கியவை வேறு இனங்கள் என்று வகைப்பாட்டாளர்கள் சொன்னார்கள். அடுத்த ஆண்டே சென்னையில் தியாகராஜனும் பிளம்பர்க்கும் சேர்ந்து நடத்திய சோதனையின் முடிவுகள் லான்செட் இதழில் வந்தபோது செடியின் பெயர் பைலாந்தஸ் அமாரஸ் ஆகியிருந்தது. கிருமியைச் சுமந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் அதன் அடையாளம் மறைந்ததாகச் சொன்ன அந்த முடிவை, பின்னால் வேறிடங்களில் நடந்த சோதனைகளில் மீண்டும் காண முடியவில்லை. எல்லோரும் ஒரே செடியைத்தான் கொடுத்தார்களா என்ற கேள்வி அப்போது எழுந்தது. ஒரே வரப்பில் அமாரஸோடு இன்னும் இரண்டு மூன்று கீழாநெல்லிகள் தோளோடு தோள் நிற்கும். செந்தண்டுள்ள ஒன்றைத் தவிர மற்றவற்றைப் பிரிக்கப் பூவை உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். கீழாநெல்லி என்று பறிக்கிறவருக்கு எல்லாம் கீழாநெல்லிதான். மக்கள் வைத்த பெயர் பரந்தது, அதைப் பெயர்த்து எழுதிய லத்தீன் பெயர் குறுகியது. அந்த மாற்றத்தில் சறுக்கல் நடந்துவிட்டது.

இன்னொரு விநோதமும் இருக்கிறது. தாவரங்களுக்குப் பெயரிடும் விதித்தொகுப்பு வேறு, விலங்குகளுக்கு வேறு. தாவரப் பெயர்களுக்குத் தொடக்கம் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூல், விலங்குகளுக்கு 1758இல் வந்த பதிப்பு. ஒரு தொகுப்புக்குள் ஒரு பெயர் இரண்டு இனத்துக்கு இருக்கக் கூடாது; ஆனால் தாவரத்துக்கும் விலங்குக்கும் ஒரே பெயர் இருக்கத் தடையில்லை. முசுக்கொட்டைக்கும் மோரஸ், ஒரு கடற்பறவைக்கும் மோரஸ். பனிக்காலத்தில் கோடியக்கரைக்கு வரும் கல்திருப்பி உள்ளானின் பேரினப் பெயர் அரினாரியா. அதே பெயரில் சிறுசெடிகளின் பேரினம் ஒன்றும் உண்டு. ஆலும் அரசும் அத்தியும் சேர்ந்த பேரினம் ஃபைகஸ். அத்திப்பழ வடிவில் ஓடுள்ள ஒரு கடல் நத்தைப் பேரினமும் ஃபைகஸ்.

இந்த நத்தைகளில் ஒன்றுக்கு 1798இல் ரோடிங் வைத்த பெயர் ஃபைகஸ் வேரியகாட்டா. பின்னர் ப்ளூம் ஓர் அத்தி மரத்துக்கு வைத்த பெயரும் ஃபைகஸ் வேரியகாட்டா. எழுத்துக்கு எழுத்து ஒன்று. மரம் பார்ப்பவரும் சங்கு பொறுக்குபவரும் ஒரே அறையில் உட்காராத காலத்தில் யாருக்கும் உறுத்தவில்லை. இப்போது உலகத்து உயிர்களையெல்லாம் ஒரே கணினிப் பட்டியலில் ஏற்றுகிறார்கள். அங்கே பெயருக்குப் பின்னால் வைத்தவர் பெயரையும் ஒட்டினால்தான் பிரிகிறது: ரோடிங் என்றிருந்தால் நத்தை, ப்ளூம் என்றிருந்தால் மரம்.